நெட்வொர்க் கார்டின் டிரைவர் அமைப்புகள்: எதை மாற்றுகிறோம், அது எங்கே தங்குகிறது?

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் இருக்கும் சர்வரிலிருந்து ஒரு டிசைன் கோப்பு கீழே இறங்குவதற்குப் பத்து நிமிடம் ஆகிறது. சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "டிரைவர் போய்விட்டது" என்பார் ஒருவர். "ஐபியை மாற்றிப் பாருங்கள்" என்பார் மற்றொருவர். "இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போடுங்கள்" என்று ஒரு குரல் வரும். இதற்குள் யாராவது ஒருவர் பேசாமல் போய் சர்வரை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டிருப்பார்.

சர்வரும் கணினியும் ஒரே கட்டடத்தில் இருக்கும்போது, கோப்பு வெளி இன்டர்நெட் பக்கமே போவதில்லை. ஆகவே போன் போட்டுப் பயனில்லை. ஐபி எண் (நெட்வொர்க்கில் கணினியின் முகவரி) தவறாக இருந்தால் பெரும்பாலும் கோப்பு மெதுவாக வராது, வரவே வராது. டிரைவர் இல்லாமல் போயிருந்தாலும் அதே நிலைதான். "வருகிறது, ஆனால் இழுக்கிறது" என்ற நோய்க்குக் காரணம் வேறு இடங்களில் இருக்கும். அதில் ஒன்று, நெட்வொர்க் கார்டு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லப்பட்டிருக்கும் அமைப்புகள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் சிறு நிறுவனங்களின் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்கள் பலவற்றில் இருப்பது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதைப் பார்த்துக்கொள்வதற்கென்று தனி ஆள் இருப்பதில்லை. கணக்குப் பார்ப்பவரோ, வடிவமைப்புப் பிரிவில் கொஞ்சம் விவரம் தெரிந்த தம்பியோ பார்த்துக்கொள்கிறார். அப்படிப்பட்டவருக்காக எழுதியது இது.

## கார்டு, டிரைவர், இன்டர்ஃபேஸ்

பேச்சில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. நம் ஊர் நிட்டிங் ஷெட்டை வைத்தே இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

ஷெட்டில் இரண்டு மூன்று நாடுகளில் செய்த வட்டப் பின்னல் இயந்திரங்கள் நிற்கின்றன. முதலாளி கேட்பது ஒன்றுதான்: "180 ஜிஎஸ்எம் துணி வேண்டும்." எந்த இயந்திரத்தில் எந்தக் கேமை எவ்வளவு திருப்பினால் அந்த எடை வரும் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அதைத் தெரிந்தவர் ஃபிட்டர். ஒவ்வொரு கம்பெனி இயந்திரத்துக்கும் திருகு வேறு இடத்தில் இருக்கும். அந்த வித்தியாசத்தையெல்லாம் அவர் தன்னோடு வைத்துக்கொண்டு, முதலாளிக்கு ஒரே மாதிரி பதில் சொல்கிறார்.

முதலாளி இடத்தில் இருப்பது கெர்னல். அதாவது, வன்பொருளையும் நிரல்களையும் நிர்வகிக்கும் இயங்குதளத்தின் உட்கரு. இயந்திரம் என்பது நெட்வொர்க் கார்டு, கேபிள் செருகும் அந்தச் சில்லு. ஃபிட்டர்தான் டிரைவர்: குறிப்பிட்ட ஒரு கார்டு வகையை எப்படி இயக்குவது என்று அறிந்த நிரல் துண்டு. மூன்றாவதான இன்டர்ஃபேஸ், டிரைவர் கெர்னலிடம் "இதோ ஒரு வழி தயார்" என்று ஒப்படைக்கும் வாசல். ஐபி எண்ணை நாம் எழுதுவது இந்த வாசலில். கார்டுக்கு ஐபி என்றால் என்னவென்று தெரிய வேண்டியதே இல்லை.

ஃபிட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இயந்திரத்தின் டயாவையும் கேஜையும் திருகைத் திருப்பி மாற்ற முடியாது. அதற்கு சிலிண்டரையே மாற்ற வேண்டும். டிரைவர் அமைப்புகளும் அப்படித்தான்: கார்டுக்குள் என்ன வசதி இருக்கிறதோ அதற்குள்தான் விளையாட்டு. 100 மெகாபிட் கார்டை எந்த டிரைவரும் ஜிகாபிட் ஆக்கிவிடாது.

விண்டோஸ் பழக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கார்டு வாங்கினால் டிரைவரைத் தேடி இறக்க வேண்டும் என்ற எண்ணம் லினக்ஸில் பெரும்பாலும் தேவையற்றது. அங்கே டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. புத்தம் புதிய கார்டு பழைய கெர்னலுக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போது செய்ய வேண்டியது கெர்னலைப் புதுப்பிப்பது. எங்கோ கிடைத்த டிரைவர் கோப்பை இழுத்துப் போடுவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

"டிரைவர் போய்விட்டதா" என்று பார்ப்பதும் எளிது. எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை சிறிய 'கே' தெரிவோடு (கட்டளைக்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு எழுதும் எழுத்து) ஓட்டினால், கணினியில் செருகியிருக்கும் கார்டுகளின் பட்டியலும், ஒவ்வொன்றின் கீழும் எந்த டிரைவர் அதை ஓட்டுகிறது என்ற வரியும் வரும். கார்டு பட்டியலில் இருந்து, டிரைவர் வரி இல்லாவிட்டால், உண்மையிலேயே டிரைவர் இல்லை. வரி இருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

## பெயரிலேயே இருக்கும் துப்பு

யூனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது. அந்தக் குடும்பம் இன்று ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ், ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் என்று கிளைத்திருக்கிறது. லினக்ஸ் 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தனியாக எழுதத் தொடங்கியது. பிறப்பால் வேறு, நடைமுறையால் அதே குடும்பம். கார்டுகளுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் ஆளுக்கொரு வழி.

ஃப்ரீபிஎஸ்டியில் இன்டர்ஃபேஸின் பெயரே டிரைவரின் பெயர்தான். 'ஈஎம்0' என்றால் இன்டெல் கார்டுகளுக்கான ஈஎம் டிரைவர் ஓட்டும் முதல் கார்டு. 'ஆர்இ0' என்றால் ரியல்டெக். பார்த்தவுடனே ஃபிட்டர் யார் என்று தெரிந்துவிடும். லினக்ஸில் முன்பு எல்லாமே 'ஈத்0', 'ஈத்1' என்று வரிசையாக வந்தன. கணினியைத் தொடங்கும்போது எந்தக் கார்டு முந்துகிறதோ அதுவே பூஜ்ஜியம். இரண்டு கார்டு உள்ள சர்வரில் இது தொல்லை. 2013 முதல் பரவிய புதிய முறையில் 'ஈஎன்பி3எஸ்0' போன்ற பெயர்கள் வருகின்றன. கார்டு செருகியிருக்கும் இடத்தை அது சொல்கிறது: பஸ் 3, ஸ்லாட் 0. வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் இடம் மாறாதவரை பெயரும் மாறாது.

ஏஐஎக்ஸ் ஒரு படி மேலே போய், கார்டுக்கு 'ஈஎன்டி0' என்றும் அதன் மேல் உட்காரும் இன்டர்ஃபேஸுக்கு 'ஈஎன்0' என்றும் இரண்டு பெயர் வைக்கிறது. வேகத்தை மாற்ற முந்தையதைத் தொட வேண்டும், ஐபியை மாற்றப் பிந்தையதை. என் கணிப்பில், புதிதாகக் கற்பவருக்கு இதைவிடத் தெளிவான ஏற்பாடு வேறெதிலும் இல்லை.

லினக்ஸில் டிரைவரோடு பேசுவதற்கான கருவி எத்டூல். அதற்குப் பின்னால் இன்டர்ஃபேஸின் பெயரை மட்டும் கொடுத்தால், வேகம், டூப்ளெக்ஸ் (விளக்கம் அடுத்த பகுதியில்), எதிர்முனையோடு இணைப்பு இருக்கிறதா என்பவை தெரியும். சிறிய 'ஐ' தெரிவைச் சேர்த்தால் டிரைவரின் பெயரும் பதிப்பும் வரும். மற்ற தெரிவுகளில் ஒரு ஒழுங்கு இருக்கிறது: சிறிய எழுத்து காட்டும், பெரிய எழுத்து மாற்றும். சிறிய 'ஜி' பஃபரின் (வந்த தரவை வைத்திருக்கும் இடம்) அளவைக் காட்டும், பெரிய 'ஜி' அதை மாற்றும். பின்னால் வரும் ஆஃப்லோடுக்குச் சிறிய 'கே', பெரிய 'கே' அப்படியே. ஆனால் 'எஸ்' மட்டும் தலைகீழ்: சிறிய 'எஸ்' வேகத்தை மாற்றிவிடும், பெரிய 'எஸ்' வெறும் புள்ளிவிவரம் காட்டும். ஏன் இப்படி வைத்தார்கள் என்று திட்டிக்கொண்டாவது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்தது: கார்டு வன்பொருள், டிரைவர் அதை ஓட்டுவது, இன்டர்ஃபேஸ் ஐபி எழுதும் வாசல். "நெட் அமைப்பு" என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த மூன்றில் எதைச் சொல்கிறோம் என்பதே முதல் கேள்வி.

## வேகமும் டூப்ளெக்ஸும்

மிக அதிகமாகத் தொடப்படுவதும், தொடாமல் விட்டால் பெரும்பாலும் நன்றாக இருப்பதும் இந்த அமைப்புதான்.

வேகம் எல்லோருக்கும் தெரியும்: வினாடிக்கு 100 மெகாபிட், 1000 மெகாபிட் என்பது. இங்கே ஒரு கணக்கு உதவும். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 1000 மெகாபிட் என்பது ஏட்டளவில் வினாடிக்கு 125 மெகாபைட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் (தரவை வெட்டி அனுப்பும் துண்டு) ஒட்டும் தலைப்பின் செலவெல்லாம் போக ஏறத்தாழ 110 கைக்கு வரும். 100 மெகாபிட்டில் 11 வரும். 4 ஜிகாபைட் கோப்பு முதலாவதில் முக்கால் நிமிடத்துக்குள் முடியும், இரண்டாவதில் ஆறு நிமிடம் ஆகும். நகலெடுக்கும்போது எண் 11-ஐத் தாண்டாமல் ஆணி அடித்தாற்போல் நின்றால், ஜிகாபிட் கார்டு 100-இல் இணைந்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

டூப்ளெக்ஸ் என்பது இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்பலாமா என்ற கேள்வி. ஃபுல் டூப்ளெக்ஸில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். ஹாஃப் டூப்ளெக்ஸில் ஒரு நேரத்தில் ஒன்றுதான்; அனுப்பும் முன் கம்பி சும்மா இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும், அனுப்பும்போது எதிர்முனையும் அனுப்பினால் அது மோதல் என்று கருதி நிறுத்திவிட்டு மறுபடி முயல வேண்டும்.

இவற்றைக் கார்டும் சுவிட்சும் (அலுவலகக் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டி) தாங்களே முடிவு செய்துகொள்ளும் முறைக்கு ஆட்டோ நெகோஷியேஷன் என்று பெயர். கேபிள் செருகியவுடன் இரு முனைகளும் சிறு மின்துடிப்புகளை அனுப்பி, "எனக்கு இன்னின்ன வேகம் தெரியும்" என்று அறிவிக்கின்றன. இருவருக்கும் பொதுவானதில் மேலானது தேர்வாகும். 1995-இல் 100 மெகாபிட் ஈதர்நெட் தரத்தோடு வந்தது இது. ஆரம்ப ஆண்டுகளில் வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அதனால் "ஆட்டோவை அணைத்துவிட்டு 100 ஃபுல் என்று நிலையாக வைத்துவிடு" என்ற அறிவுரை பிறந்தது. கருவிகள் திருந்திவிட்டன. அறிவுரை மட்டும் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு பக்கத்தை மட்டும் நிலையாக வைத்தால் என்ன ஆகும்? சர்வரில் ஆட்டோவை அணைத்து 100 ஃபுல் என்று எழுதுகிறீர்கள். சுவிட்ச் இன்னும் ஆட்டோவிலேயே இருக்கிறது. சுவிட்ச் துடிப்புகளை அனுப்புகிறது, பதில் இல்லை. மின்சமிக்ஞையைப் பார்த்து வேகம் 100 என்று அது கண்டுபிடித்துவிடும். ஆனால் டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. தரவிதிப்படி, தெரியாவிட்டால் ஹாஃப் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது சர்வர் ஃபுல், சுவிட்ச் ஹாஃப். சர்வர் கவனிக்காமல் நினைத்தபோதெல்லாம் அனுப்புகிறது. சுவிட்ச் அதை மோதல் என்று நினைத்துத் தன் அனுப்புதலைப் பாதியில் வெட்டுகிறது. அந்தப் பாதித் துண்டு சர்வரை அடைந்து, பிழையான சட்டகம் (கம்பியில் போகும் தரவுத் துண்டு) என்று குப்பைக்குப் போகிறது.

இந்த நோயின் வஞ்சகம், பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்தால் எல்லாம் நலம் என்று காட்டுவதுதான். ஒரு சிறிய பாக்கெட் போய், ஒரு சிறிய பாக்கெட் திரும்பி வருகிறது. மோதுவதற்கு எதுவும் இல்லை. பெரிய கோப்பு நகர ஆரம்பித்ததும் இரு திசையிலும் போக்குவரத்து கூடி, வேகம் பாதாளத்துக்குப் போய்விடுகிறது. 'பிங் வருகிறதே' என்று நம்பி, டிஸ்க்கையும் நிரலையும் சந்தேகித்து நாள் கழிப்பது இங்கேதான்.

செம்புக் கம்பி ஜிகாபிட்டில் இன்னொரு விஷயம் சேர்கிறது. அங்கே ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம். இரு முனைகளில் எது நேரத்தாளத்தைக் கொடுப்பது என்பதும் அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது. ஆகவே, ஆட்டோவை அணைத்துவிட்டு 1000 என்று எழுதினால் பல டிரைவர்கள் மறுக்கும், அல்லது '1000 மட்டும் எனக்குத் தெரியும்' என்று அறிவிப்பதாகத் தாமே மாற்றிக்கொள்ளும். உண்மையிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தால் இந்த இரண்டாவது வழியே நல்லது: ஆட்டோவை இயக்கத்திலேயே விட்டு, அறிவிக்கும் பட்டியலை மட்டும் குறைப்பது. எத்டூலில் அதற்கு 'அட்வர்டைஸ்' என்ற தெரிவு இருக்கிறது.

ஜிகாபிட் கார்டு 100-இல் நின்றால் அமைப்பைத் தேடும் முன் கேபிளைப் பாருங்கள். 100 மெகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளில் நான்கு போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நுனியில் ஒரு கம்பி சரியாகக் கடிக்கப்படாமல் இருந்தால் பல கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பஞ்சுத் தூசி பறக்கும் ஷெட்டில், மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டி இழுத்த கேபிளில் இது நடப்பதில் வியப்பில்லை. 100 மீட்டருக்கு மேல் செம்புக் கேபிளை இழுக்கக் கூடாது என்பதையும் பெரிய ஷெட்டுகளில் மறந்துவிடுகிறார்கள்.

சுருக்கமாக: இரு முனையும் ஆட்டோ, அல்லது இரு முனையும் ஒரே நிலையான அமைப்பு. கலப்படம் கூடாது. சந்தேகம் வந்தால் எத்டூலின் பெரிய 'எஸ்' காட்டும் எண்களில் பெயரில் சிஆர்சி (வழியில் தரவு கெட்டதா என்று பார்க்கும் சரிபார்ப்பு) என்று வரும் பிழை எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கேபிள் அல்லது டூப்ளெக்ஸ்.

## ரிங் பஃபரும் இன்டரப்டும்

அதே புள்ளிவிவரத்தில் சிஆர்சி பிழை பூஜ்ஜியமாக இருந்து, 'மிஸ்டு' அல்லது 'நோ பஃபர்' என்ற பெயருள்ள எண் ஏறினால் கதை வேறு. பாக்கெட் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது, இறக்கி வைக்க இடம் இல்லாமல் போயிற்று என்று பொருள்.

பின்னல் இயந்திரத்திலிருந்து துணி ரோல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் ரோல்களை வைக்கக் கொஞ்சம் இடம். உதவியாள் வந்து எடுத்துப் போகும் வரை அவை அங்கே இருக்கும். அந்த இடம்தான் ரிங் பஃபர்: வந்த பாக்கெட்டுகளைக் கெர்னல் எடுத்துக்கொள்ளும் வரை வைத்திருக்க, கார்டும் டிரைவரும் பகிர்ந்துகொள்ளும் நினைவக வரிசை. கடைசி இடம் நிரம்பினால் மறுபடி முதல் இடத்துக்கு வருவதால் ரிங். பரவலாக உள்ள பல இன்டெல் கார்டுகளில் லினக்ஸ் டிரைவர் 256 இடங்களோடு தொடங்கும். 4096 வரை ஏற்றலாம்.

256 அதிகமாகத் தோன்றலாம். ஜிகாபிட்டில் முழு அளவு பாக்கெட்டுகள் வினாடிக்கு 81,000 வரை வரும். அந்த வேகத்தில் 256 இடங்கள் மூன்று மில்லி வினாடியில் நிரம்பிவிடும். செயலி அந்த மூன்று மில்லி வினாடி வேறு வேலையில் இருந்தால் பாக்கெட் கீழே விழும். அதற்காக எடுத்தவுடன் 4096 வைப்பதும் நல்லதல்ல. இடம் அதிகமானால் குவியலும் அதிகமாகும்; எடுக்கப்படாமல் காத்திருக்கும் நேரமும் கூடும். இழப்பு எண் ஏறினால் இரட்டிப்பாக்குங்கள், மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் கை வைக்காதீர்கள்.

ரோல் முடிந்தது என்று உதவியாளை எப்போது கூப்பிடுவது என்பது அடுத்த அமைப்பு. கார்டு செயலியைக் கூப்பிடும் சமிக்ஞைக்கு இன்டரப்ட் என்று பெயர். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூப்பிட்டால் செயலி ஓடி ஓடியே களைத்துவிடும். பத்து சேரட்டும் என்று காத்திருந்தால் முதல் பாக்கெட் தாமதமாகும். எத்தனை மைக்ரோ வினாடி பொறுத்துக் கூப்பிடலாம் என்பதைச் சிறிய 'சி' காட்டும், பெரிய 'சி' மாற்றும். கோப்பு சர்வருக்குச் சற்றுப் பொறுத்துக் கூப்பிடுவது நல்லது; நொடிக்குள் பதில் எதிர்பார்க்கும் தொலைபேசி சர்வருக்கு உடனுக்குடன் கூப்பிடுவது நல்லது. பல டிரைவர்கள் நெரிசலைப் பார்த்துத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. அலுவலக சர்வரில் இதை மாற்ற வேண்டிய தேவை அபூர்வம்.

## ஆஃப்லோடு

செயலி செய்ய வேண்டிய வேலையைக் கார்டிடம் தள்ளிவிடுவது ஆஃப்லோடு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்சம் 1500 பைட். 64 கிலோபைட் தரவை அனுப்ப வேண்டுமானால் சுமார் 45 துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தலைப்பு ஒட்ட வேண்டும். கெர்னல் ஒரே பெரிய கட்டாகக் கொடுத்துவிட, வெட்டுவதும் ஒட்டுவதும் கார்டின் பொறுப்பு ஆகலாம். தரவு கெடவில்லை என்பதை உறுதி செய்யும் செக்சம் எண்ணைக் கணக்கிடுவதும் அப்படியே.

இதனால் ஒரு வேடிக்கையான குழப்பம் வருகிறது. டிசிபிடம்ப் போன்ற கருவியால் போக்குவரத்தைப் பார்ப்பவர், தன் சர்வரிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுகளில் 'செக்சம் தவறு' என்ற செய்தி வரிசையாக வருவதைக் கண்டு பதறுவார். தவறு எதுவும் இல்லை. அந்தக் கருவி பாக்கெட்டைப் பார்ப்பது கார்டுக்குப் போவதற்கு முன். செக்சத்தைக் கார்டு அதற்குப் பிறகுதான் எழுதும்.

ஆஃப்லோடை அணைக்கச் சொல்லும் அறிவுரையை ஏராளமாகக் காணலாம். சில கார்டு, டிரைவர் சேர்க்கைகளில் உண்மையிலேயே பழுது உண்டு. சோதனைக்காக ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதில் தவறில்லை. வேறுபாடு தெரியாவிட்டால் திரும்பப் போட்டுவிடுங்கள். மொத்தமாக அணைத்துவிட்டு மறந்துபோனால் அந்தச் சுமையெல்லாம் செயலியின் தலையில்.

அந்த 1500 என்ற எண்ணுக்கு எம்டியு என்று பெயர். 9000 ஆக்கினால் வேகம் கூடும் என்பார்கள். அதே நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் எல்லாக் கருவிகளும், நடுவில் உள்ள சுவிட்சும் அதை ஏற்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் சிறிய பாக்கெட் போகும், பெரியது காணாமல் போகும். சிறு அலுவலகத்தில் 1500-ஐ விட்டு நகர வேண்டியதில்லை.

## மாற்றியது எங்கே தங்குகிறது?

"நேற்று சரி செய்தேன், இன்று காலையில் பழையபடி ஆகிவிட்டது." இந்தப் புகாரின் விடை இந்தப் பகுதியில் இருக்கிறது. மேலே சொன்ன அமைப்புகளையெல்லாம்விட இதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம் என்பேன்.

ஷெட்டில் ஃபிட்டரிடம் வாயால் சொன்னது அந்த ஷிப்டோடு போய்விடும். அடுத்த ஷிப்டில் வருபவர் பலகையில் எழுதியிருப்பதைத்தான் படிப்பார். எத்டூலில் கொடுக்கும் கட்டளை வாயால் சொல்வது. டிரைவரின் நினைவில் மட்டும் அது இருக்கிறது. மறுதொடக்கம் ஆனால் டிரைவர் புதிதாக ஏறுகிறது, சொன்னது அதற்குத் தெரியாது. யுபிஎஸ் தாங்காத அளவுக்கு மின்தடை நீடித்தால் போதும்.

பலகைகள் பல இருப்பதால்தான் குழப்பம். கார்டுக்குள்ளேயே ஒரு சிறு நிரந்தர நினைவகம் உண்டு. மேக் முகவரி என்ற பிறவி எண் போன்றவை அதில் இருக்கின்றன. அதை நாம் தொடுவதில்லை. அடுத்தது டிரைவர் ஏறும் நொடியில் படிக்கும் அளவுருக்கள். லினக்ஸில் /ஈடிசி/மோட்ப்ரோப்.டி அடைவில் உள்ள கோப்புகளில் இவை எழுதப்படுகின்றன. இங்கே எழுதியது டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றினால் மட்டுமே நடைமுறைக்கு வரும். அதிலும் ஒரு பொறி உண்டு: கணினி தொடங்கும்போது முதலில் திறக்கும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்புக்குள் டிரைவர் இருந்தால், அது தன்னோடு வைத்திருக்கும் பழைய நகலைத்தான் படிக்கும். டெபியன், உபுண்டு வகைகளில் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டளையும், ரெட் ஹேட் வகையில் டிராகட்டும் அந்தத் தொகுப்பைப் புதுப்பிக்கும். கோப்பில் எல்லாம் சரியாக எழுதியும் நடக்கவில்லை என்று தலையைச் சொறிபவர்களில் பலர் நிற்கும் இடம் இது.

மூன்றாவது பலகை, நெட்வொர்க்கை நிர்வகிக்கும் நிரலின் கோப்பு. எத்டூலால் மாற்றுபவற்றை நிரந்தரமாக்குவதற்கு உரிய இடம் பெரும்பாலும் இதுவே. உங்கள் சர்வரில் அந்த நிரல் நெட்வொர்க்மேனேஜரா, சிஸ்டம்டி நெட்வொர்க்டியா, டெபியனின் பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உபுண்டுவில் நெட்பிளான் என்று இன்னொரு அடுக்கு மேலே இருக்கும். அதில் எழுதினால் அது கீழே உள்ளவற்றுக்கு எழுதிக் கொடுக்கும். ஒரே கார்டை இரண்டு நிரல்கள் கவனிக்கும்படி விட்டுவிட்டால், கடைசியில் பேசியவர் சொன்னதே நிற்கும், அது யார் என்பது ஒவ்வொரு நாளும் மாறலாம்.

ஃப்ரீபிஎஸ்டியில் இந்தப் பிரிவு சுத்தமாக இருக்கிறது. டிரைவர் ஏறும்போது படிப்பது /பூட்/லோடர்.கான்ஃப். இன்டர்ஃபேஸ் எழும்போது படிப்பது /ஈடிசி/ஆர்சி.கான்ஃப். அங்கே எத்டூல் கிடையாது; வேகம், டூப்ளெக்ஸ் எல்லாம் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையின் 'மீடியா' தெரிவிலேயே முடிந்துவிடும். ஏஐஎக்ஸ் தன் அமைப்புகளை ஓடிஎம் என்ற தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. சிஎச்டெவ் கட்டளையால் மாற்றும்போது இன்டர்ஃபேஸ் பயன்பாட்டில் இருந்தால் மறுத்துவிடும். பெரிய 'பி' தெரிவு கொடுத்தால் தரவுத்தளத்தில் மட்டும் எழுதிவைத்து, அடுத்த தொடக்கத்தில் செயல்படுத்தும். அதாவது லினக்ஸுக்கு நேர் எதிர்: இப்போது எதுவும் மாறாது, நாளை மாறியிருக்கும். சோலாரிஸின் டிஎல்ஏடிஎம் இப்போதும் மாற்றும், நிரந்தரமாகவும் எழுதும். தற்காலிகம் போதுமென்றால்தான் 'டி' தெரிவைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஆகவே "யூனிக்ஸில் இப்படிச் செய்" என்று யாராவது ஒரு வரியில் சொன்னால், எந்த யூனிக்ஸ் என்று கேளுங்கள். ஒன்றில் தற்காலிகமாக முடிவது மற்றொன்றில் நிரந்தரமாகிவிடும்.

## தொலைவிலிருந்து மாற்றும்போது

சர்வர் அவிநாசியில் இருக்கிறது, நீங்கள் ஈரோட்டில் உட்கார்ந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் இணைப்பு) வழியாக உள்ளே போயிருக்கிறீர்கள். எந்தக் கார்டு வழியாகப் போயிருக்கிறீர்களோ அதே கார்டின் வேகத்தை மாற்றப் போகிறீர்கள். கிளையில் உட்கார்ந்துகொண்டு அடியை வெட்டும் வேலை இது. வேகத்தையோ ரிங் அளவையோ மாற்றினால் பல கார்டுகள் இணைப்பை ஓரிரு வினாடி துண்டித்து மறுபடி எழும். அமைப்பு சரியாக இருந்தால் எஸ்எஸ்எச் அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும். தவறென்றால் கார்டு எழாது, பிறகு பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

லினக்ஸில் எத்டூல் மாற்றங்கள் மறுதொடக்கத்தோடு மறைந்துவிடும் என்பது இங்கே நமக்குச் சாதகமாகிறது. மாற்றும் முன், பத்து நிமிடம் கழித்து மறுதொடக்கம் ஆகும்படி ஷட்டவுன் கட்டளையைக் கொடுத்து வைத்துவிடுங்கள். வேலை நேரம் முடிந்த பிறகு, யாரும் கோப்பு திறந்து வைத்திருக்காதபோது. பிறகு அமைப்பை மாற்றுங்கள். இணைப்பு திரும்பி வந்து எல்லாம் சரியாக ஓடினால், ஷட்டவுனை சிறிய 'சி' தெரிவோடு கொடுத்து அந்த மறுதொடக்கத்தை ரத்து செய்யுங்கள். இணைப்பு போய்விட்டால் பத்து நிமிடம் பொறுங்கள். சர்வர் தானே எழுந்து பழைய அமைப்போடு வரும். இதற்கு ஒரே நிபந்தனை, புதிய அமைப்பை எந்தக் கோப்பிலும் இன்னும் எழுதியிருக்கக் கூடாது. சோலாரிஸிலும் இதே யோசனை செல்லும், 'டி' தெரிவைக் கொடுக்க மறக்காவிட்டால். ஏஐஎக்ஸில் செல்லாது. அங்கே சர்வரின் தனிக் கன்சோல் இணைப்பு கையில் இல்லாமல் ஈஎன்டி0-ஐத் தொடாதீர்கள்.